ஓடாத காரும் உணரும் கையும்

ஓடும் காரின் இருக்கை ஓட்டுநருக்கு ஓயாமல் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் உடல் முன்னே தள்ளப்படுகிறது. வளைவில் திரும்பினால் தோள் வெளிப்பக்கம் சாய்கிறது. பின்சக்கரங்கள் பிடியை இழக்கத் தொடங்கும் கணத்தில், கண் அதைக் காண்பதற்கு முன்பே இடுப்பு அறிந்துவிடுகிறது. பந்தய ஓட்டுநர்கள் பல ஆண்டுப் பயிற்சியில் கூர்மையாக்கிக்கொள்ளும் இந்த உடலறிவு, கணினித் திரையின் முன் அமர்ந்து இணையவழியில் கார்ப் பந்தயம் ஓட்டுபவருக்கு ஒரேயடியாக இல்லாமல் போகிறது, ஏனெனில் அவருடைய நாற்காலி நின்ற இடத்திலேயே நிற்கிறது. இழந்த அந்தச் செய்தியைக் கை, கால், கண் ஆகியவற்றின் வழியாக எவ்வளவு மீட்டுத் தர முடியும் என்பதே பந்தய சிமுலேட்டர் துறையின் அடிப்படைக் கேள்வி. எந்த மென்பொருள் சிறந்தது, எந்த ஸ்டீயரிங்கை வாங்கலாம் என்று நடக்கும் ஒப்பீடுகள் அனைத்தையும் இந்த ஒரு கேள்வியைக் கொண்டு அளந்து பார்த்தால், விளம்பரங்கள் எழுப்பும் குழப்பத்தில் பெரும்பகுதி விலகிவிடும்.

பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் சாதாரணக் கார்ப் பந்தய விளையாட்டும் சிமுலேட்டரும் வேறு வேறு நோக்கம் கொண்டவை. விளையாட்டில், ஆடுபவரின் மகிழ்ச்சிக்கேற்பக் காரின் நடத்தை வளைக்கப்படுகிறது; சுவரில் மோதிய கார் தொடர்ந்து ஓடும், அளவுமீறிய வேகத்தில் வளைவுக்குள் நுழைந்தாலும் எப்படியோ திரும்பிவிடும். சிமுலேட்டரில் காரின் எடை, எஞ்சினின் இழுவை, சஸ்பென்ஷனில் உள்ள ஸ்பிரிங்குகள், டயரின் ரப்பர், காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசை ஆகியவை இயற்பியல் சமன்பாடுகளாக எழுதப்பட்டு, நொடிக்குப் பல நூறு முறை தீர்க்கப்படுகின்றன. ஐரேசிங் என்னும் சிமுலேட்டர் நொடிக்கு 360 முறையும், அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே 400 முறையும் இக்கணக்கைச் செய்கின்றன. திரையில் படம் நொடிக்கு 60 முறை மாறினாலே கண்ணுக்குப் போதும் என்னும்போது இவ்வளவு நுண்ணிய கணக்கு எதற்கு என்ற ஐயம் இயல்பானது. மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 69 மீட்டர் கடக்கிறது. நொடிக்கு 60 முறை மட்டும் கணக்கிட்டால், ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் கார் ஒரு மீட்டருக்கு மேல் தாவிவிடும், பாதையின் ஓரத்தில் பல்பல்லாக அமைந்த கான்கிரீட் விளிம்பின் ஒரு பல் அந்தத் தாவலுக்குள் காணாமலே போய்விடும். 360 முறை கணக்கிட்டால் அந்தத் தாவல் 19 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. கையில் உணரப்படும் அதிர்வின் நுட்பம் இங்கேதான் பிறக்கிறது.

இத்துறையின் பழைய வேர்களில் முக்கியமான ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. டேவிட் கெம்மர், ஒமர் குதாரி இருவரும் தொடங்கிய பப்பைரஸ் நிறுவனம், இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை 1989இல் கணினிக்குக் கொண்டுவந்தது. அது 1998இல் வெளியிட்ட கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ், 1967ஆம் ஆண்டின் ஃபார்முலா 1 கார்களை, அதாவது காற்றழுத்தம் தரும் இறக்கைகள் வருவதற்கு முந்தைய காலத்துக் கார்களை, விட்டுக்கொடுக்காத கண்டிப்புடன் உருவாக்கிக் காட்டியது. அக்கண்டிப்பே அதன் விற்பனையைக் குறைத்தது என்றாலும், பின்னர் வந்த சிமுலேட்டர்கள் பலவற்றுக்கு அது அளவுகோலாயிற்று. கெம்மரே ஜான் ஹென்றி என்னும் முதலீட்டாளருடன் சேர்ந்து 2004இல் ஐரேசிங் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் சேவை 2008இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ரோம் நகருக்கு அருகே வல்லெலுங்கா பந்தயப் பாதையிலேயே அலுவலகம் அமைத்துக்கொண்ட குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014இல் அசெட்டோ கோர்சாவையும், 2019இல் ஜிடி3 என்னும் பந்தயக் கார் வகைக்கென்றே அமைந்த காம்பெட்டிசியோனேயையும் தந்தது. ஆர்ஃபேக்டர் என்னும் சிமுலேட்டர் 2005இலும் அதன் இரண்டாம் தலைமுறை 2013இலும் வெளிவந்தன. ஜப்பானில் கசுனோரி யமாவுச்சியின் குழு 1997இல் தொடங்கிய கிரான் டூரிஸ்மோ, விளையாட்டுக்கும் சிமுலேட்டருக்கும் நடுவில் நின்று கோடிக்கணக்கானோரை இப்பக்கம் அழைத்துவந்தது.

டயரும் பாதையும்

ஒரு சிமுலேட்டரின் தரம் அதன் டயரில் இருக்கிறது. ஓடும் கார் தரையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கைப் பரப்புடையது. டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே எப்போதும் ஒரு சிறு கோணம் உண்டு. பொறியாளர்கள் அதை வழுக்குக் கோணம் என்பார்கள். இக்கோணம் கூடக்கூட ரப்பர் முறுக்கேறிப் பக்கவாட்டுப் பிடியும் கூடுகிறது; ஓர் உச்சத்தைத் தொட்டபின் பிடி குறையத் தொடங்குகிறது. பந்தயம் ஓட்டுவது என்பது அந்த உச்சத்தின் விளிம்பிலேயே நான்கு டயர்களையும் வைத்திருக்கும் கலை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசெய்க்கா, சோதனைச்சாலையில் அளந்த டயர்களின் நடத்தைக்குப் பொருந்தும் வளைகோட்டைச் சில மாறிலிகளால் எழுதும் முறையை வகுத்தார். மாய வாய்பாடு என்று அழைக்கப்படும் அது வாகனப் பொறியியலில் இன்றும் வழக்கில் உள்ளது. அதன் வரம்பும் வெளிப்படையானது. உச்சத்துக்கு இப்பால் அளவீடுகள் நிறைய கிடைக்கும், உச்சத்தைத் தாண்டிச் சறுக்கும் டயரை அளப்பது கடினம். கார் சுழலத் தொடங்கும் அந்தப் பகுதியில்தான் சிமுலேட்டர்கள் ஒன்றோடொன்று மிகவும் வேறுபடுகின்றன. ரப்பரின் வெப்பம், தேய்மானம், உள்காற்றின் அழுத்தம் ஆகியவற்றை அடிப்படையிலிருந்து கணக்கிட்டுப் பிடியை வருவிக்கும் மாற்றுவழியில் ஐரேசிங்கும் ஆர்ஃபேக்டர் 2உம் பல ஆண்டு உழைப்பைச் செலுத்தியுள்ளன.

டயருக்கு அடுத்தது பாதை. லேசர் கதிரைச் சுழலவிட்டுத் தரையிலிருந்து அது திரும்பிவரும் நேரத்தை அளந்து, கோடிக்கணக்கான புள்ளிகளாக ஒரு பந்தயப் பாதையைப் பதிவுசெய்யும் முறை இப்போது பெரும்பாலான சிமுலேட்டர்களில் வழக்கமாகிவிட்டது. ஜெர்மனியின் நூர்பர்கிரிங் வடக்குச் சுற்றில் ஏறத்தாழ 20.8 கி.மீ. நீளத்துக்கு விரிந்துகிடக்கும் மேடு, ஒட்டுப்போட்ட தார், சரிவு எல்லாம் இவ்வாறு சில சென்டிமீட்டர் துல்லியத்துக்குள் கணினிக்கு வந்துவிடுகின்றன. புகைப்படத்தைப் பார்த்து வரைந்த பாதையில் ஓட்டுபவர் வளைவுகளின் வரிசையை மட்டுமே கற்கிறார். லேசரில் பதிவான பாதையில் பழகியவர், எந்த இடத்தில் பிரேக் மிதித்தால் முன்சக்கரம் ஒரு மேட்டில் துள்ளிப் பூட்டிக்கொள்ளும் என்பதுவரை அறிந்துகொண்டு உண்மையான பாதைக்குச் செல்ல முடிகிறது.

மென்பொருள்களை ஒப்பிடும்போது எல்லாவற்றிலும் மேலானது என்று ஒன்றைச் சுட்ட இயலாது. ஒவ்வொன்றும் ஒன்றைப் பற்றிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. காம்பெட்டிசியோனே ஒரே வகைக் கார்களையும் குறிப்பிட்ட பாதைகளையும் மட்டும் எடுத்துக்கொண்டதால், இரவு, மழை, ஈரம் காய்ந்து பாதை மாறும் விதம் ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே ஆழமாகச் செய்ய முடிந்தது. ஐரேசிங்கில் மழை 2024இல்தான் வந்தது. ஓடிய கார்களின் ரப்பர் பாதையில் படிந்து பிடியை மாற்றுவதைக் காட்டுவதில் ஆர்ஃபேக்டர் 2 முன்னோடி. முதல் அசெட்டோ கோர்சாவின் வலிமை அதன் திறந்த மனத்தில் இருக்கிறது. ஆர்வலர்கள் தாங்களே உருவாக்கிச் சேர்த்த கார்களும் பாதைகளும் ஆயிரக்கணக்கில் உள்ளதால், பத்தாண்டு கடந்தும் அதற்கு முதுமை வரவில்லை. செலவிலும் இவை வேறுபடுகின்றன. ஒருமுறை விலைகொடுத்தால் காம்பெட்டிசியோனே கையில் இருக்கும். ஐரேசிங்குக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்கவேண்டும், அடிப்படைத் தொகுப்பில் இல்லாத ஒவ்வொரு காரையும் பாதையையும் தனியே வாங்கவும் வேண்டும். அப்படியிருந்தும் மக்கள் அதை விட்டு நீங்காததற்குக் காரணம் அங்கே எந்த நேரத்திலும் கிடைக்கும் ஒழுங்கான போட்டி.

அந்த ஒழுங்குக்குப் பின்னால் உள்ள ஏற்பாடு எளிமையானது. ஐரேசிங்கில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று போட்டித் திறனைக் குறிக்கிறது, மற்றொன்று பாதுகாப்பாக ஓட்டுவதைக் குறிக்கிறது. பாதையை விட்டு வெளியேறினால் 1 புள்ளி, கட்டுப்பாட்டை இழந்தால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4 என்று தவறுகள் சேர்கின்றன; தவறு யாருடையது என்று பாராமல் மோதிய இருவருக்குமே புள்ளி விழுகிறது. இது அநீதி என்று புதியவர்கள் குமுறுவதுண்டு. எனினும் பொறுப்பைப் பிரித்துச் சொல்லும் நடுவரை ஒவ்வொரு பந்தயத்துக்கும் அமர்த்த முடியாத நிலையில், ஆபத்தானவரைக் கண்டால் விலகி ஓட்டும் பழக்கத்தை இவ்விதி எல்லோருக்கும் ஊட்டுகிறது. தொடக்கநிலை உரிமத்திலிருந்து டி, சி, பி, ஏ என்று மேலேறும் ஒவ்வொரு படியிலும் மோதல்கள் குறைந்துகொண்டே போவதை எவரும் காணலாம். காம்பெட்டிசியோனேயும் கிரான் டூரிஸ்மோவும் தத்தம் வழியில் இதே கருத்தைப் பின்பற்றுகின்றன.

தொலைவு என்னும் எதிராளி

இணையவழிப் பந்தயத்தில் ஒவ்வொருவரின் கணினியும் அவரவர் காரை மட்டுமே உண்மையாகக் கணக்கிடுகிறது. மற்றவர்களின் கார் எங்கே இருக்கிறது என்ற செய்தி சர்வர் வழியாக வந்து சேர்கிறது. அச்செய்தியைச் சுமந்து கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. வேகத்தில் செல்கிறது. சென்னையில் ஓட்டுபவரின் சர்வர் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் இருந்தால், நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 7,500 கி.மீ. தொலைவு என்பதால், போய்த் திரும்ப 75 மில்லிநொடிக்குக் குறையாது. கேபிள்கள் வளைந்து செல்வதாலும் இடையில் உள்ள கருவிகளாலும் நடைமுறையில் அது இன்னும் கூடும். அந்த 75 மில்லிநொடியில் மணிக்கு 250 கி.மீ. வேகக் கார் 5 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அப்படியானால் கதவோடு கதவு உரசும் நெருக்கத்தில் பந்தயம் ஓட்டுவது எவ்வாறு இயலும்?

விடை ஊகத்தில் இருக்கிறது. கடைசியாகக் கிடைத்த இடத்தையும் வேகத்தையும் வைத்து, எதிராளியின் கார் இந்நேரம் எங்கே இருக்கும் என்று கணினி முன்கூட்டி வரைந்துகொள்கிறது. எதிராளி அந்த 75 மில்லிநொடிக்குள் முழு பலத்தோடு பிரேக் பிடித்தாலும், ஊகத்தில் நேரும் பிழை 6 சென்டிமீட்டர் அளவுதான். செய்தி அரை நொடி வராமல் போனாலோ, அதே பிரேக்கில் பிழை இரண்டரை மீட்டராகப் பெருகிவிடுகிறது. திரையில் முன்கார் திடீரென்று பின்னோக்கித் தாவி மூக்கில் வந்து மோதுவதற்கு இதுவே காரணம். ஆகவே தொலைவால் வரும் சீரான தாமதத்தைவிட, இணைப்பு விட்டுவிட்டு வருவதே பெரிய கேடு. தமிழ்நாட்டிலிருந்து ஓட்டுபவர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள சர்வரைத் தேர்ந்தெடுப்பது நல்லது; அதைவிட நல்லது, வைஃபையை விடுத்து ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு கேபிளை இழுத்துவிடுவது. சில நூறு ரூபாய் கேபிள் செய்யும் இந்தப் பணியை எந்த விலையுயர்ந்த ஸ்டீயரிங்காலும் செய்ய முடியாது.

கைக்கு வரும் செய்தி

இருக்கை தரத் தவறிய செய்தியில் மிகுதியைக் கொண்டுவருவது ஸ்டீயரிங். முன்சக்கரம் திரும்பிய நிலையில் ஓடும்போது, தரையின் விசை டயரின் நடுவில் விழாமல் சற்றுப் பின்தள்ளி விழுகிறது. அந்தச் சிறு விலகலே சக்கரத்தை நேராகத் திரும்பச் சொல்லி உந்துகிறது. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானே நேராவதை அன்றாட ஓட்டுநர்களும் அறிவார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. டயரின் பிடி உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே இந்த உந்துதல் உச்சத்தை எட்டித் தளரத் தொடங்குகிறது, அதாவது முன்சக்கரம் வழுக்கப்போகிறது என்பதை ஸ்டீயரிங் முன்கூட்டியே இலேசாகி அறிவித்துவிடுகிறது. பின்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் தானே சுழல முனைகிறது. ஸ்டீயரிங்குக்குள் ஒரு மோட்டாரை வைத்து, சிமுலேட்டர் கணக்கிட்ட இந்த விசையை ஓட்டுபவரின் கைக்குத் தரும் ஏற்பாட்டுக்கே ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று பெயர். கை அந்த இலேசான தளர்வை உணருகிறதா இல்லையா என்பதே ஒரு ஸ்டீயரிங்கைச் சோதிக்கும் முதல் கேள்வியாக இருக்கவேண்டும்.

மோட்டாரின் விசை கைக்கு வந்துசேரும் வழி மூன்று. லாஜிடெக் ஜி29 போன்றவற்றில் சிறு மோட்டாரின் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாக வருகிறது. விலை குறைவு, உறுதி மிகுதி, ஆனால் பற்களுக்கு இடையிலான இடைவெளியால் நேர்ப்பாதையில் ஒரு கடகடப்பும், திசைமாறும் இடத்தில் ஒரு வெறுமையும் உண்டு. தளர்வு என்னும் நுண்ணிய செய்தி பெரும்பாலும் அந்த வெறுமைக்குள்தான் தொலைகிறது. திரஸ்ட்மாஸ்டர் டி300 போன்றவற்றில் பற்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட் இருக்கிறது. சுழற்சி வழவழப்பாக வரும், எனினும் பெல்ட்டின் நெகிழ்ச்சி கூரிய அதிர்வுகளை விழுங்கிவிடும். மூன்றாம் வகையில் ஸ்டீயரிங் வளையம் மோட்டாரின் தண்டிலேயே நேராகப் பொருத்தப்படுகிறது. டைரக்ட் டிரைவ் எனப்படும் இவ்வகை முன்பு வசதி படைத்தோருக்கே எட்டியது, ஃபனாடெக் 2021இல் 5 நியூட்டன் மீட்டர் விசையுள்ள சிஎஸ்எல் டிடியை வெளியிட்டதும், தொடர்ந்து மோசா போன்ற நிறுவனங்கள் களமிறங்கியதும் நிலைமையை மாற்றின.

நியூட்டன் மீட்டர் என்பது முறுக்குவிசையின் அலகு. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் இந்த எண்ணைக் கைக்குப் புரியும்படி மாற்றிக்கொள்வது எளிது. 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஸ்டீயரிங்கில் 2 நியூட்டன் மீட்டர் என்பது விளிம்பில் ஏறத்தாழ 1.4 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். ஜி29 தருவது இந்த அளவுதான். 5 நியூட்டன் மீட்டர் 3.4 கிலோவுக்கும், சிமுகியூப் 2 புரோ தரும் 25 நியூட்டன் மீட்டர் 17 கிலோவுக்கும் ஈடு. பதினேழு கிலோ திடீரென்று திருகினால் கட்டைவிரல் முறியலாம். அதனால்தான் அத்தகைய கருவிகளோடு மின்சாரத்தைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் ஒன்று வருகிறது.

விசை மிகுந்தால் உணர்வும் மிகும் என்று எண்ணுவது பரவலான தவறு, அந்தத் தவறால் சிறிய ஸ்டீயரிங் வைத்திருப்பவர்களே மிகுதியாக இழக்கிறார்கள். மோட்டார் தரக்கூடிய உச்சத்தைத் தாண்டிச் சிமுலேட்டர் விசை கேட்டால், தாண்டிய பகுதி முழுவதும் ஒரே அளவாக வெட்டுப்படுகிறது. இதைக் கிளிப்பிங் என்பார்கள். நடுத்தர வளைவில் 4 பங்கு, வேக வளைவில் 7 பங்கு, அதற்குள் ஒரு மேட்டில் ஏறும்போது 9 பங்கு என்று விசை மாறவேண்டிய இடத்தில், விசை அமைப்பை முழு அளவுக்கு ஏற்றிவைத்த சிறு மோட்டார் 4க்கு மேல் உள்ள எல்லாவற்றையும் 4 ஆகவே தருகிறது. கை வலிக்கிறது, செய்தி வரவில்லை. அமைப்பைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினால் ஸ்டீயரிங் மெலிந்ததுபோல் தோன்றும், ஆனால் மேடு தெரியும், தளர்வு தெரியும், டயர் எல்லையை எட்டுவது தெரியும். பெரும்பாலான சிமுலேட்டர்களில் இந்த வெட்டு நேரும்போது திரையில் ஒரு பட்டை சிவப்பாகிக் காட்டும் வசதி உண்டு. புதிய கருவி வாங்க எண்ணுபவர் அதற்குமுன் ஒரு மாலையை இந்தப் பட்டையைப் பார்த்து அமைப்பைத் திருத்துவதில் செலவிட்டால், வாங்கும் தேவையே எழாமல் போகலாம்.

காலின் நினைவு

புதிதாக வருபவர்கள் ஸ்டீயரிங்குக்கே பணத்தையெல்லாம் கொட்டுகிறார்கள். ஆனால் சுற்று நேரத்தைக் குறைப்பது பிரேக். உண்மையான பந்தயக் காரில் பிரேக் பெடல் சிறிதளவே நகர்ந்து, பின் கல்லைப்போல் எதிர்த்து நிற்கும். எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதைவிட எவ்வளவு பலமாக மிதித்தோம் என்பதே காரை நிறுத்துகிறது. மலிவான பெடல்களில் இருக்கும் பொட்டென்சியோமீட்டர், பெடல் நகர்ந்த தூரத்தையே அளக்கிறது; தூசியும் தேய்மானமும் சேர்ந்தால் அந்த அளவும் நடுங்கத் தொடங்கும். காந்தப்புலத்தால் அளக்கும் ஹால் சென்சார் தேய்வதில்லை, ஆனால் அதுவும் தூரத்தைத்தான் அளக்கிறது. லோட் செல் என்னும் கருவி இதற்கு மாறானது. மிதிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும் ஓர் உலோகத் துண்டும், அதன்மேல் ஒட்டிய மெல்லிய மின்கம்பி வலையும் அதில் உள்ளன. உலோகம் வளையும்போது கம்பி நீண்டு அதன் மின்தடை மாறுகிறது, அம்மாற்றமே மிதித்த விசையின் அளவு. மளிகைக்கடைத் தராசுக்குள் இருப்பதும் இதே கருவிதான்.

இவ்வேறுபாடு முக்கியமானதற்குக் காரணம் மனிதத் தசையின் இயல்பில் உள்ளது. கால் எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட எவ்வளவு அழுத்தியது என்பதைத் தசை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறது. வேகம் மிகுந்த நேர்ப்பாதையின் முடிவில் முதல் கணத்திலேயே முழு அழுத்தத்தையும் கொடுத்து, வேகம் குறையக் குறையக் காற்றின் அழுத்தமும் குறைந்து டயரின் பிடி சுருங்குவதால் பெடலை மெல்லமெல்ல விடுவித்து, ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கிய பின்னும் சிறிதளவு பிரேக்கைத் தக்கவைத்துக்கொண்டு வளைவுக்குள் நுழைவது பந்தய ஓட்டத்தின் நுட்பமான பகுதி. டிரெயில் பிரேக்கிங் எனப்படும் அதை நூறு சுற்றுகளிலும் ஒரே அளவில் செய்யவேண்டுமானால் அளவு காலின் நினைவில் இருந்தாக வேண்டும். பத்தில் ஒரு நொடி தாமதித்து மிதித்தால் கார் 7 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும்.

லோட் செல் பெடல் வந்ததும் அதை எங்கே பொருத்துவது என்ற சிக்கல் எழுகிறது. நாற்பது, ஐம்பது கிலோ விசையோடு மிதிக்கும்போது, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி பின்னோக்கி உருண்டோடும், பெடல் தரையில் நழுவும், மேசையோடு சேர்ந்து மானிட்டரும் ஆடும். ஓட்டுபவரின் விசையில் ஒரு பகுதி இவ்வாறு வீணாகும்வரை அந்தத் துல்லியமான கருவியால் பயனில்லை. நாற்காலியையும் பெடலையும் ஒரே சட்டத்தில் இணைப்பதே இதற்குத் தீர்வு. பள்ளம் வெட்டிய அலுமினியச் சட்டங்களை நட்டுப் போல்ட்டால் கோத்து அமைக்கும் முறை, வேண்டியபடி நகர்த்திக்கொள்ளும் வசதியால் இப்போது பரவியிருக்கிறது. வெல்டிங் பட்டறையில் இரும்புச் சதுரக் குழாய்களைப் பற்றவைத்து, பழைய கார் இருக்கை ஒன்றைத் தேடிப்பிடித்துப் பொருத்தினாலும் உறுதியில் குறைவிருக்காது. நெளியாத சட்டத்தில் பூட்டிய எளிய ஸ்டீயரிங், ஆடும் மேசையில் பூட்டிய விலையுயர்ந்த ஸ்டீயரிங்கைவிட அதிகம் பேசும்.

கண்ணின் கணக்கு

திரையைப் பொறுத்தவரை அளவைவிடக் கோணமே முக்கியம். 27 அங்குல மானிட்டரின் அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அதிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி அமர்ந்தால், திரை கண்ணில் 53 பாகைக் கோணத்தை அடைக்கிறது. சிமுலேட்டரின் பார்வைக்கோணத்தையும் அதே 53 பாகையில் வைத்தால்தான் காரின் தொலைவும் வளைவின் அளவும் உண்மையில் இருப்பதுபோல் தெரியும். பலர் பக்கக் கண்ணாடியும் தெரியவேண்டும் என்று 80, 90 பாகைக்கு விரித்து வைக்கிறார்கள். காட்சி சுருங்கி வளைவுகள் தொலைவில் இருப்பதாகத் தோன்ற, பிரேக் மிதிக்கும் இடம் தவறிக்கொண்டே இருக்கும். சரியான கோணம் முதலில் குறுகலாகவும் மந்தமாகவும் தோன்றுவது உண்மையே. சில நாள் பழகினால் சுற்று நேரம் சீராகிவிடுகிறது. 90 சென்டிமீட்டர் தள்ளி அமர்ந்தால் கோணம் 37 பாகையாகச் சுருங்கிவிடுவதால், பெரிய திரை வாங்குவதற்குமுன் இருக்கும் திரையை அருகே இழுத்துப் பார்ப்பது செலவில்லாத வழி.

மூன்று திரைகளை அரைவட்டமாக நிறுத்தினால் பக்கத்தில் ஓடும் கார் தெரியும்; இணையவழிப் போட்டியில் மோதலைத் தவிர்க்க அது பேருதவி. தலையில் அணியும் வி.ஆர். கருவி இன்னொரு வழி. இரு கண்ணுக்கும் வெவ்வேறு படம் தருவதால் ஆழம் தெரிகிறது, தலையைத் திருப்பினால் வளைவின் உட்புறம் தெரிகிறது. ஆனால் நொடிக்கு 90 படம் தவறாமல் வரவேண்டும், ஒவ்வொரு படத்தையும் 11 மில்லிநொடிக்குள் வரைந்து முடிக்கக் கணினி திணறினால் ஓட்டுபவருக்குக் குமட்டல் வரும். கோடைக்கால அறையில் ஒரு மணி நேரம் அதை அணிந்திருப்பது எளிதன்று.

இருக்கையையே அசைக்கும் மேடைகளும் உண்டு. அவற்றால் மேட்டையும் அதிர்வையும் அழகாகத் தர முடிகிறது. நீடித்து நிற்கும் விசையைத் தர முடிவதில்லை. பிரேக் பிடிப்பதை உணர்த்த மேடை முன்னே சாய்ந்து, ஓட்டுபவரின் எடையையே பெல்ட்டின்மேல் விழச்செய்கிறது. 30 பாகை சாய்ந்தாலும் கிடைப்பது புவியீர்ப்பில் பாதிதான், ஃபார்முலா 1 காரின் பிரேக்கோ அதைப்போல் பத்து மடங்கு விசை தருகிறது. ஆகவே, ஒருவர் சிறிது சிறிதாகச் செலவிட விரும்பினால் லோட் செல் பிரேக், உறுதியான சட்டம், ஸ்டீயரிங், திரை என்ற வரிசையே தக்கது. அசையும் மேடை கடைசியில் வரலாம், வராமலும் இருக்கலாம்.

இவ்வாறு கையிலும் காலிலும் கற்றது உண்மையான பாதையில் நிற்குமா என்பதற்குச் சான்றுகள் குவிந்துவிட்டன. நிஸானும் பிளேஸ்டேஷனும் நடத்திய ஜிடி அகாடமி என்னும் கிரான் டூரிஸ்மோ போட்டியில் 2008இல் வென்ற ஸ்பெயின் நாட்டு மாணவர் லூகாஸ் ஒர்டோனியஸ், 2011ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் இருந்தார். சிமுலேட்டர் போட்டியில் 2019இல் வென்ற ஜேம்ஸ் பால்ட்வின், 2020இல் பிரிட்டிஷ் ஜிடி தொடரின் முதல் பந்தயத்திலேயே வென்றார். இவர்கள் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது கழுத்தின் வலிமை, வெப்பம், அச்சம் ஆகியவற்றைத் தாங்குவது. பிரேக் இடமும் வளைவின் கோடும் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தன. எதிர்த்திசையிலும் ஒரு சான்று இருக்கிறது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பந்தயங்கள் நின்றபோது, அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு தன் ஓட்டுநர்களையே ஐரேசிங்கில் ஓடவிட்டுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. நாஸ்கார் கோப்பைத் தொடரில் ஒரு வெற்றியும் பெற்றிராத, வசதி குறைந்த அணிகளுக்காக ஓட்டிவந்த டிம்மி ஹில், மார்ச் 29 அன்று டெக்சாஸ் பாதையின் கணினி வடிவத்தில், சிமுலேட்டரிலேயே பந்தயம் கற்று உண்மைப் பாதைக்குச் சென்ற வில்லியம் பைரனைக் கடைசிச் சுற்றுகளில் முந்தி வென்றார். அன்று எல்லோருக்கும் ஒரே தரமான கார் கிடைத்திருந்தது. ஹிலுக்கு அதற்குமுன் பல ஆண்டுகளாக அசையாத நாற்காலியில் அமர்ந்து ஓட்டிய பழக்கம் இருந்தது.